மூன்று கியர் பின்னால், ஒரு கியர் முன்னால்

அந்த வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து ஒரு பந்தயக் கார் கட்டிக்கொண்டிருந்தார்கள். சேர்ந்து என்பது ஒரு பேச்சுக்குத்தான். இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கோபம் வேறு, கார் வேறு என்பது இருவருடைய கொள்கையும். அதைக்கூட அவர்கள் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. தனித்தனியாகத் தங்கையிடம் சொன்னார்கள்.

தங்கைக்கு முப்பத்துநாலு வயது. வீட்டில் இன்னும் பாப்பாதான். டிரைவிங் ஸ்கூலில் வேலை. பகல் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முன்பின் தெரியாதவர்களிடம் உயிரைக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இந்த இரண்டு பேர். கீழ்வீட்டில் பெரியண்ணனும் அண்ணியும். பெரியண்ணனுக்கு லேத் பட்டறை. மாடியில் சின்னண்ணன், லிஃப்ட் மெக்கானிக், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பின்கட்டில் பாப்பா. அதற்கும் பின்னால் தகரக் கொட்டகை, அதற்குள் கார். காலையில் கொட்டகை பெரியண்ணனுடையது, சாயங்காலம் சின்னண்ணனுடையது. ஒருவர் இருக்கும்போது மற்றவர் எட்டிப் பார்ப்பதில்லை.

சண்டைக்குக் காரணம் ஒரு வெல்டிங். காரின் சட்டத்தைச் சின்னண்ணன்தான் பற்றவைத்தான். கார் கிளப்பிலிருந்து நாலு பேர் பார்க்க வந்திருந்தபோது பெரியண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "எச்சில் தொட்டு ஒட்டின மாதிரி இருக்கு" என்றார். சின்னண்ணன், "உட்கார்ந்த இடத்துல இரும்பைச் சீவுறவங்களுக்கு வெல்டிங்கைப் பத்தி என்ன தெரியும்" என்றான். அவ்வளவுதான். நாலு பேரும் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இவர்கள் மட்டும் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

அதற்கப்புறம் எல்லாம் பாப்பா வழியாகத்தான். கீழே பெரியண்ணன் அளவு சொல்வார், பாப்பா மாடியேறிச் சொல்வாள், சின்னண்ணன் முனகுவான், பாப்பா இறங்கி வந்து "சரின்னுட்டான்" என்பாள். அளவு அப்படியே போய்ச் சேரும். வசவு வழியிலேயே நின்றுவிடும். "அந்த மடையனுக்குச் சொல்லு, மூணு நூல் குறைக்கணும்" என்பது மாடிக்குப் போகும்போது "மூணு நூல் குறைச்சா நல்லாருக்குமாம்" என்று ஆகிவிடும். மூன்று வருஷத்தில் அவள் முழுங்கிய வசவுக்கு வேறு யாராவது என்றால் வயிறு வீங்கியிருக்கும்.

என்ஜினைப் பின்சக்கரங்களோடு இணைக்கிற விஷயமும் இப்படித்தான் முடிவாயிற்று. கியர்பாக்ஸும் பின் ஆக்ஸிலும் அப்பாவுடைய பழைய காரிலிருந்து வந்தவை, இரண்டு அண்ணன்களைவிடவும் வயதில் மூத்தவை. பங்கு பிரித்தபோது கியர்பாக்ஸ் பெரியவருக்கும் ஆக்ஸில் சின்னவனுக்கும் போயிற்று. பழைய காரில் என்ஜின் முன்னால் இருந்தது. இதில் சட்டம் குட்டை, முன்னால் இடமில்லை. அதனால் என்ஜினையும் கியர்பாக்ஸையும் வாலுக்குக் கொண்டுபோய், முகத்தை முன்பக்கமாகத் திருப்பாமல் பின்பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். ஆக்ஸிலையும் அதற்கேற்றபடி திருப்பினார்கள். அதிலும் ஒரு சிக்கல். கியர்பாக்ஸின் தண்டு மேலே நிற்கிறது, அது போய்ச் சேர வேண்டிய ஆக்ஸிலின் மூக்கு ஒரு சாண் கீழே நிற்கிறது. நேராகப் பொருந்தாது. நடுவில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி, அதற்குள் மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஒரு சங்கிலி என்று ஏற்பாடு. இதற்கு மட்டும் பாப்பா மாடிப்படி ஏறி இறங்கியதில் அவளுடைய செருப்பு ஒன்று தேய்ந்துபோயிற்று.

ஓட்டப்போவதும் அவள்தான். அண்ணன்கள் இரண்டு பேரும் அந்த சீட்டுக்குள் இறங்கினால் திரும்ப எழுந்திருக்க முடியாது. மலைப்பாதையில் ஒவ்வொரு காராக மேலே விட்டு நேரம் பார்க்கிற பந்தயம், ஞாயிற்றுக்கிழமை. பாப்பாவுக்கு அதில் ஓட்ட வேண்டும் என்று கொள்ளை ஆசை. பத்து வருஷமாக மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்று பிறருக்குச் சொல்லியே பிழைக்கிறவளுக்கு, ஒருநாள் ஒரே ஒருநாள், யாரும் பிரேக்கை மிதிக்காத பக்கத்து சீட்டோடு போக வேண்டும் என்று இருக்காதா?

ஆனால் ஆசையைவிடப் பெரிதாக ஒரு பயம் அவளுக்கு இருந்தது. பந்தயம் முடிந்த மூன்றாம் நாள் அவள் ஊரைவிட்டுப் போகிறாள். பஸ் டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை, தூரத்து ஊர், நல்ல வேலை. போன பிறகு இவர்களுக்கு நடுவில் யார்? அண்ணியிடம் கேட்டுப் பார்த்தாள்.

"நான் இந்த வீட்டுக்கு மருமகளா வந்தேன் பாப்பா. தபால்காரியா வரலை" என்றாள் அண்ணி.

அண்ணி சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் பாப்பாவால் ஒரு விஷயத்தை மறக்க முடியவில்லை. போன மாதம் ஒரு காலையில் காருக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்த பெரியண்ணன்மேல் ஜாக்கி நழுவி, சட்டம் இறங்கிவிட்டது. நெஞ்சில் படவில்லை, தொடைமேல் உட்கார்ந்துவிட்டது. அசைய முடியவில்லை. அண்ணி கடைக்குப் போயிருந்தாள். சின்னண்ணன் மாடியில்தான் இருந்தான். ஜன்னலும் திறந்துதான் இருந்தது. "டேய்" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். பெரியண்ணன் குரல் கொடுக்கவில்லை. ஸ்பேனரை எடுத்துத் தகரத்தில் தட்டிக்கொண்டே கிடந்தார். மாடியில் இருந்தவன் அண்ணன் மும்முரமாக வேலை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டான். அன்றைக்குப் பாப்பா முதல் வகுப்பை முடித்துவிட்டு வீட்டுக்கு வரும்வரை தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெளியே எடுத்துப் போட்ட பிறகு அவள் கேட்டாள். "ஏன் கூப்பிடலை?"

"வாய் வரலை" என்றார் பெரியண்ணன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அன்றைக்கே பாப்பா முடிவு செய்துவிட்டாள். தான் போவதற்குள் இந்த இரண்டு வாய்களும் திறக்க வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை முதல் ஓட்டம். கொட்டகைக்கு முன்னால் சந்து. பெரியண்ணன் சந்தின் இந்தக் கோடியில் நின்றார், சின்னண்ணன் அந்தக் கோடியில் நின்றான், இரண்டு பேரும் வேறு வேறு வேலையாக வந்தவர்கள் மாதிரி. பாப்பா சீட்டில் இறங்கி, ஹெல்மெட்டை மாட்டி, முதல் கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டாள். எத்தனையோ ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே மெதுவாக விட்டாள்.

கார் அழகாகக் கிளம்பிப் பின்னால் போய், கொட்டகைக்குள் நுழைந்து, பெயின்ட் டப்பா அடுக்கியிருந்த அலமாரியில் முதுகைச் சாய்த்து நின்றது. பச்சை பெயின்ட் கொட்டியது.

பாப்பா ஒரு நிமிஷம் யோசித்தாள். ரிவர்ஸ் கியரைப் போட்டாள். கார் முன்னால் வந்தது. இரண்டாவது போட்டாள், பின்னால் போயிற்று. மூன்றாவதையும் போட்டுப் பார்த்துவிடலாம் என்றால் அலமாரி தாங்காது. அப்பா காரில் முன்னால் போக மூன்று கியர், பின்னால் போக ஒன்று. இதில் பின்னால் போக மூன்று, முன்னால் போக ஒன்று. பயந்து ஓடுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது.

பெரியண்ணன் தாடையைத் தடவினார். சின்னண்ணன் ஆகாயத்தைப் பார்த்தான். இரண்டு பேர் முகத்திலும் ஒரே களை, திருட்டுக் களை. அந்தக் களைக்கு அப்போது அவளுக்கு அர்த்தம் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை புரிந்தது, பாதி. பெரியண்ணன் கொட்டகையில் அந்த இரும்புப் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாப்பா விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூடியைத் திறந்தால் உள்ளே சங்கிலியைக் காணோம். இரண்டு பெரிய பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"சங்கிலி எங்கே?"

"அவன்கிட்ட சொல்லிடாதே." பெரியண்ணன் குரலைத் தாழ்த்தினார். "எல்லாத்தையும் முகம் மாத்தி வெச்சிருக்கோம் பாரு. அப்படியே விட்டா வண்டி பின்னாலதான் போகும். இது அவனுக்குத் தோணலை போல. சங்கிலின்னா ரெண்டு சக்கரமும் ஒரே பக்கமா சுத்தும். பல்லும் பல்லும் கடிச்சா ஒண்ணுக்கொண்ணு எதிரா சுத்தும். அதான் சத்தம் போடாம இதைச் செஞ்சு மாத்திட்டேன்."

"அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா முகம் சுருங்கிடும் அவனுக்கு. கிளப் ஆளுங்க முன்னால ஒருதரம் சுருக்கினது போதாதா?" பெரியண்ணன் சக்கரத்தை வெளியே எடுத்தார். "ஆனா நான்தான் எங்கேயோ தப்புக் கணக்குப் போட்டிருக்கேன். பின்னால போகுதே. சங்கிலியையே திரும்பப் போட்டுடறேன். நீ வாயைத் திறக்காதே."

மீதிப் பாதி சாயங்காலம் புரிந்தது. சின்னண்ணன் ஆக்ஸிலை அடியிலிருந்து அவிழ்த்து, கப்பியும் கயிறும் மாட்டி, வியர்வை ஊற்ற ஊற்றத் தனியாக அதைப் புரட்டிக்கொண்டிருந்தான். பாப்பா அதே விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவர்கிட்ட சொல்லாதே பாப்பா. போன வாரமே இதைக் குப்புறக் கவுத்துப் போட்டுட்டேன். பாத்தா வித்தியாசமே தெரியாது, ஆனா உள்ள பெரிய பல்சக்கரம் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போயிடும், சுத்துற திசை மாறிடும். மாத்தலைன்னா வண்டி பின்னாலதான் போகும். அவரு கவனிக்கலை."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, அவருக்கு வயசாயிடுச்சு, மறதி வந்துடுச்சுன்னு அவரே நினைச்சுக்குவாரு. எதுக்கு?" அவன் கயிற்றை இழுத்தான். "ஆனா பாரு, என் கணக்குதான் தப்பு. பழையபடியே நிமித்திடறேன்."

பாப்பா விளக்கைப் பிடித்தபடி நின்றாள். ஒருவன் திருப்பினால் வண்டி முன்னால் போயிருக்கும். இரண்டு பேரும் திருப்பியதால் பின்னால் போயிற்று. இப்போது இரண்டு பேரும் திருப்பியதை எடுத்துவிட்டார்கள். அப்போதும் பின்னால்தான் போகும். உலகத்தில் வேறு எந்தப் பட்டறையிலும் இந்தத் தப்பு நடக்காது. நடக்க வேண்டுமென்றால், இரண்டு பேருக்கும் வேலை தெரிந்திருக்க வேண்டும், இரண்டு பேருக்கும் மற்றவன்மேல் பாசம் இருக்க வேண்டும், இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அழுகையும் வந்தது, அதையும் அடக்கிக்கொண்டாள். "அண்ணா, ஆக்ஸிலை அப்படியே விடு, பெரியண்ணன் காலையில சங்கிலியைப் போட்டுட்டாரு" என்று ஒரு வரி சொன்னால் போதும். கார் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மலையேறிவிடலாம். புதன்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். இவர்கள் மிச்ச ஆயுளும் ஸ்பேனரைத் தகரத்தில் தட்டிக்கொண்டு கிடப்பார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் காரைக் கிளப்பில் காட்டிப் பரிசோதனை முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் பந்தயம் இல்லை. அது தெரிந்துதான் பாப்பா வாயை மூடிக்கொண்டாள். மூன்று வருஷத்தில் முதல்முறையாக ஒரு செய்தி மாடிப்படிக்கு வராமல் நின்றுபோயிற்று.

சனிக்கிழமை காலை அவள் மறுபடி சீட்டில் இறங்கினாள். அலமாரியை முன்கூட்டியே காலி செய்து வைத்திருந்தாள். முதல் கியர். கார் பின்னால் போய் வெறும் அலமாரியில் இடித்து நின்றது.

இந்த முறை அண்ணன்கள் இரண்டு பேரும் கொட்டகைக்குள்ளேயே வந்துவிட்டார்கள். ஒரே நேரத்தில். பெரியண்ணன் இடதுபக்க டயருக்குப் பக்கத்தில் குந்தினார். சின்னண்ணன் வலதுபக்கம் ஜாக்கிப் பெட்டிமேல் உட்கார்ந்தான்.

"பாப்பா, அவன்கிட்ட கேளு. ஆக்ஸில்ல கை வெச்சானான்னு."

"பாப்பா, அவர்கிட்ட கேளு. பெட்டியைத் திறந்தாரான்னு."

பாப்பா ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "நான் கேட்க மாட்டேன். இன்னியோட அந்த வேலையை விட்டாச்சு. நீங்களே கேட்டுக்கோங்க."

"என்னடி விளையாடறே? நேரம் ஆகுது" என்றார் பெரியண்ணன்.

"ஆகட்டும்."

அண்ணி வாசலில் வந்து நின்று பார்த்தாள், பெரியண்ணன் அவளை நம்பிக்கையோடு நிமிர்ந்து பார்த்தார், அவள் "அடுப்புல வேலை இருக்கு" என்று போய்விட்டாள். பெரியண்ணன் கடைசியில் டயரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"சங்கிலியை எடுத்துட்டுப் பல்சக்கரம் போட்டிருந்தது. நேத்து அதை எடுத்துட்டு, திரும்பச் சங்கிலி போட்டாச்சு" என்று டயரிடம் சொன்னார்.

சின்னண்ணன் திடுக்கிட்டான். ஆனால் அவனும் விட்டுக்கொடுக்கவில்லை. மடியிலிருந்த ஜாக்கிக் கைப்பிடியிடம் சொன்னான். "ஆக்ஸிலைக் கூடத்தான் போன வாரம் கவுத்துப் போட்டிருந்தது. நேத்து நிமித்தியாச்சு."

டயரும் கைப்பிடியும் இதைக் கேட்டுக்கொண்டன. இரண்டு பேர் மண்டையிலும் கணக்கு ஓடுவது பாப்பாவுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. பெரியண்ணன் காது மடல் சிவந்தது. சின்னண்ணன் மூக்கைச் சொறிந்தான். அடுத்த கணம் பெரியண்ணன் எழுந்து ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பெட்டிப் பக்கம் போனார். அதே கணம் சின்னண்ணனும் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஆக்ஸிலுக்கு அடியில் நுழைந்தான். இரண்டு போல்ட்டும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன.

பாப்பா உதட்டைக் கடித்துக்கொண்டாள். மறுபடியும் இரண்டு பேரும் மாற்றப்போகிறார்கள். மறுபடியும் வண்டி பின்னால்தான் போகும். சாயங்காலம் ஐந்து மணிவரை இதையே செய்துகொண்டிருப்பார்கள். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அண்ணே, நீ விடு" என்று காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "ரெண்டு பேரும் மாத்தினா மறுபடி பழைய கதைதான்."

பெரியண்ணன் ஸ்பேனரோடு அப்படியே நின்றார். மூன்று வருஷம் கழித்து அந்த 'அண்ணே' வந்திருக்கிறது, அதுவும் காருக்கு அடியிலிருந்து. அவர் தொண்டையைச் செருமினார். ஏதோ அன்பாகச் சொல்லப்போகிறார் என்றுதான் பாப்பா நினைத்தாள்.

"நீ விடுடா மடையா" என்றார். "என்னுது ஒரு மணி நேர வேலை. ஆக்ஸிலை இறக்கி ஏத்தப் பொழுது சாஞ்சுடும்."

"உன் பல்சக்கரம் கத்துற கத்துக்கு மலையே எழுந்து ஓடும்."

"கத்தினா கத்தட்டும். உன் ஆக்ஸில் கவுந்து கிடந்தா எண்ணெய் எங்கே நிக்கும்? யோசிச்சியா?"

"யோசிச்சு ஓட்டையை அடைச்சு மேல புதுசா போட்டாச்சு. நீ குனிஞ்சு பாத்தாத்தானே தெரியும்!"

"குனியறேன்டா. குனிஞ்சா இடுப்பு பிடிக்குது. மூணு வருஷமா நீதானே கேக்கலை!"

அப்புறம் இரண்டு பேரும் பொரிந்து தள்ளினார்கள். வெல்டிங் வந்தது. எச்சில் வந்தது. அப்பா காரின் கதவை யார் கேட்காமல் விற்றது என்பது வந்தது. கடைசியில் சின்னண்ணன் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கருப்பு எண்ணெய் வழிகிற முகத்தோடு நின்று கத்தினான். "கால்மேல வண்டி கிடக்கும்போது தகரத்தைத் தட்டிட்டுக் கிடப்பியா? உயிர் போயிருந்தா? நான் என்ன, எவனோவா?"

"கூப்பிட்டா வந்திருப்பியா?"

"வராம?"

பெரியண்ணன் ஆக்ஸிலைப் பார்த்தார், கப்பியைப் பார்த்தார், கயிறு அறுத்திருந்த தம்பியின் உள்ளங்கையைப் பார்த்தார்.

"இவ்வளவு கனத்தை எப்படிடா தனியாப் புரட்டினே?" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சின்னண்ணன் சட்டையின் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைத்ததில் எண்ணெய் இன்னும் பரவியது.

ஆக்ஸிலையே புரட்டுவது என்று முடிவாயிற்று. நேரத்தைப் பார்த்தால் அது முட்டாள்தனம். ஆனால் அதற்குத்தான் இரண்டு ஆள் வேண்டும். பெரியண்ணன் ஒரு முனை, சின்னண்ணன் ஒரு முனை. போல்ட்டை முறுக்குகிற ஒவ்வொரு முறையும் வாக்குவாதம். பாப்பா விளக்கைப் பிடித்தாள். யாரும் அவளிடம் எதையும் போய்ச் சொல்லச் சொல்லவில்லை. சந்தில் காரை ஓட்டியபோது முதல் கியரில் முன்னால் போயிற்று. யாரும் கைதட்டவில்லை, எண்ணெய் ஓட்டையைப் பற்றிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. கிளப் கேட்டை மூடுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். பச்சை பெயின்ட் காய்ந்து ஒட்டியிருந்த காரைச் செயலாளர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா மலையேறினாள். அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள்தான் சொல்ல வேண்டும். வளைவுகளில் அவள் சத்தமாகச் சிரித்துக்கொண்டே போனாள் என்று வழியில் கொடி பிடித்து நின்றவர்கள் சொன்னார்கள். பன்னிரண்டு காரில் எட்டாவது இடம். இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு ஓடினாள்.

"பாத்தீங்களா?"

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். கையில் தேநீர், தரையில் குச்சியால் கீறிய படம், அடுத்த காருக்குச் சங்கிலியா பல்சக்கரமா என்று.

"எதை?" என்றான் சின்னண்ணன்.

திரும்பும்போது காரை இழுத்து வந்த வேனில் பெரியண்ணன் ஓட்டினார், சின்னண்ணன் பக்கத்தில். பாப்பா பின்னால் கருவிப் பெட்டிகளோடு. முன்னால் மூன்று வருஷப் பேச்சு மொத்தமும் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் அவள், "புதன்கிழமை எனக்கு வண்டி ஏழு மணிக்கு" என்றாள். யாரும் திரும்பவில்லை. "ஸ்டேஷனுக்கு யார் வர்றீங்க?" என்றாள். பெரியண்ணன் சின்னண்ணன் சொன்ன ஏதோ ஒன்றுக்கு ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். இதற்குத்தானே ஆசைப்பட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் மூன்று வருஷமாக ஒரு வரிகூட அவள் இல்லாமல் பேசத் தெரியாதவர்கள் அல்லவா.

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய தெரு வந்தது. வேன் நிற்காமல் அதைத் தாண்டிப் போயிற்று.

"பெரியண்ணே, தெரு போயிடுச்சு" என்றாள்.

அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவள் இன்னொரு முறை சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.